நோய் திரும்பி வந்தால் கதை முடிந்ததா?



இம்முறை உடல்நலப் பகுதியில் நாம் எடுத்துக்கொள்வது சற்றுக் கனமான விஷயம். சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கீமோ மருந்தும் ஏற்றி, "சுகமாச்சு" என்று வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு, ஒன்றிரண்டு வருஷத்தில் நோய் மறுபடியும் தலைகாட்டினால் என்ன செய்வது?

அந்த நேரத்தில் வீட்டில் மூன்று விதமான பேச்சு எழும். ஒருவர், "இனி செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குவோம்" என்பார். இன்னொருவர், "வீட்ட அடமானம் வெச்சாவது சிங்கப்பூருக்குக் கொண்டு போயிடுவோம்" என்பார். டாக்டர் "ஒரு புது மருந்து ஆய்வு நடக்குது, சேர்றீங்களா?" என்று கேட்டுவிட்டால் மூன்றாமவர், "நம்மள எலி மாதிரி வெச்சுச் சோதிக்கப் பாக்குறாங்க" என்று எழுந்துவிடுவார்.

மூன்றும் அவசரத்தில் பிறக்கும் பேச்சு. மூன்றிலும் அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு முன்னால் உள்ள வழிகள் எவை, அவற்றை எப்படி எடைபோடுவது என்பதே இந்தப் பாடம்.

நோய் ஏன் திரும்புகிறது?

கருப்பையின் இரு பக்கமும் வாதுமைக் கொட்டை அளவில் இருப்பவை சினைப்பைகள். மாதந்தோறும் முட்டை உருவாவது அங்கேதான். அங்கும், அதை ஒட்டியுள்ள கருக்குழாயின் நுனியிலும் உண்டாகும் புற்றுநோயைத்தான் சினைப்பைப் புற்றுநோய் என்கிறோம். இது வயிற்றுக்குள்ளே ஓசைப்படாமல் வளரும். ஆகவே பெரும்பாலான பெண்களுக்கு, நோய் வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியவருகிறது.

"முன்கூட்டியே டெஸ்ட் செய்து பிடிக்க முடியாதா?" என்று கேட்கலாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் பல ஆண்டுகள் பார்த்தார்கள். அதன் முடிவு 2021-இல் வந்தது. அப்படிப் பார்த்ததால் இந்த நோயில் சாவு குறையவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இருப்பது போன்ற நம்பகமான முன்பரிசோதனை சினைப்பைக்கு இன்னும் இல்லை.

பரவிய நிலையில் தெரியவந்த நோய், முதல் சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். லாலான் புல்லை மேலே வெட்டினாலும் வேர் மண்ணில் கிடக்கிறதல்லவா, அப்படி. ஆகவே பரவிய நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு 7 பேர் அளவில் நோய் திரும்புகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததாலோ, மீன் கருவாடு தின்றதாலோ, யார் கண் பட்டதாலோ திரும்பியதல்ல. அந்தப் பழியை அந்த அம்மாவின் தலையில் போடாதீர்கள்.

அறிகுறிகள் எவை?

வயிறு உப்புவது, கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்சுவரை நிறைந்தது போலிருப்பது, அடிவயிற்று வலி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் மெலிவது. இவை இரண்டு மூன்று வாரம் நீடித்தால், "காத்துதான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று உட்கார்ந்திராமல் சிகிச்சை பெற்ற இடத்துக்கே போய்க் காட்ட வேண்டும். வாந்தி நிற்காமல், காற்றும் மலமும் போகாமல் வயிறு கல்லாகிவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எண் ஏறினால் குடும்பமே தூக்கம் கெட்டுத் தவிக்கிறது. அறிகுறி ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் ஏறியவுடனே கீமோ தொடங்குவது நல்லதா, அறிகுறி வரும்வரை காத்திருப்பது நல்லதா? 529 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அவசரமாகத் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. கீமோவின் தொல்லையை மட்டும் முன்கூட்டியே பட்டார்கள். ஆகவே "எண் ஏறியிருக்கு, ஆனா கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் அல்ல. ஆய்வு கற்றுக்கொடுத்த பாடம்.

ஆறு மாதக் கணக்கு

இந்த நோய்க்கு முதல் மருந்து பிளாட்டினம் கலந்தது. ஆமாம், நகைக்கடையில் மோதிரமாக விற்கும் அதே உலோகம்தான். சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்றது. அதைவிட வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் குறைந்த கார்போபிளாட்டின் 1989-இல் வந்தது. இதோடு சேர்த்துக் கொடுப்பது பாக்லிடாக்சல். அது அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த மருந்து. 1962-இல் பட்டை சேகரித்தார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-இல். பட்டையைச் சீவிப் பால் எடுத்துப் பழகிய நமக்கு, மரப்பட்டையில் உயிர் காக்கும் சரக்கு இருப்பது ஆச்சரியமாக இராது.

நோய் திரும்பியதும் டாக்டர் முதலில் பார்ப்பது, கடைசி பிளாட்டினம் ஊசிக்கும் இன்றைக்கும் இடையில் எத்தனை மாதம் என்பதைத்தான். 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அந்த மருந்துக்கு நோய் மறுபடியும் மசியக்கூடும். 6 மாதத்துக்குள் திரும்பியிருந்தால், அந்த மருந்துக்கு நோய் பழகிவிட்டது என்று வைத்து வேறு வழி பார்க்கிறார்கள். இது கத்தியால் வெட்டிய கோடு அல்ல. ஆனாலும் நல்ல வழிகாட்டி. ஆகவே கடைசி ஊசி போட்ட தேதியை, மருந்தின் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி மாறினால் அந்த ஒரு வரி பெரிய உதவி.

கையில் உள்ள வழிகள்

ஒன்று: மறுபடியும் கீமோ. 6 மாதத்துக்கு மேல் ஆனவர்களுக்குக் கார்போபிளாட்டினோடு இன்னொரு மருந்து சேர்த்துக் கொடுப்பது வழக்கம். 802 பெண்களை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வுகள், பிளாட்டினம் மட்டும் கொடுப்பதைவிட பாக்லிடாக்சலும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று காட்டின. ஒரு எச்சரிக்கை: கார்போபிளாட்டினை இரண்டாம் தடவை ஏற்றும் காலத்தில் சிலருக்கு ஒவ்வாமை வரும். உள்ளங்கை அரிப்பு, முகம் சிவப்பது, நெஞ்சு அடைப்பது போலிருந்தால் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தை, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை கொடுப்பார்கள்.

இரண்டு: ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப். கட்டிக்குச் சாப்பாடு போகும் பாதையை இது அடைக்கிறது. பிளாட்டினத்துக்கு மசியாத 361 பெண்களிடம் செய்த ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நோய் அடங்கியிருந்த நடுத்தரக் காலம் 3.4 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 6.7 மாதம். ரத்த அழுத்தம் ஏறலாம். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம். குடல் ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு இது ஆகாது.

மூன்று: 'பார்ப்' தடுப்பு மாத்திரைகள். ஓலாபரிப், நிராபரிப் என்று பெயர். கீமோவுக்கு நோய் அடங்கியபின், அது சீக்கிரம் எழும்பாமல் இருக்கக் கொடுப்பது. பரம்பரையில் 'பிராக்கா' என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிகம் பலிக்கிறது. அப்படிப்பட்ட 295 பெண்களிடம் செய்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5.5 மாதம், ஓலாபரிப் சாப்பிட்டவர்களுக்கு 19.1 மாதம் நோய் அடங்கியிருந்தது. களைப்பு, ரத்தச் சோகை வரும். அபூர்வமாக ரத்தப் புற்றுநோயும் வரலாம். இப்போது முதல் சிகிச்சையின்போதே இந்த மாத்திரையைப் பலருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நான்கு: குறிபார்த்து அடிக்கும் மருந்து. கட்டியின் மேல் 'ஃபோலேட் ஏற்பி' என்ற பொருள் அதிகமாக இருந்தால், அதைத் தேடிப்போய் விஷத்தைச் செலுத்தும் மிர்வெடுக்சிமாப் என்ற ஊசி வந்திருக்கிறது. பிளாட்டினத்துக்கு மசியாத 453 பெண்களிடம் செய்த ஆய்வு 2023-இல் வெளியானது. வழக்கமான கீமோ பெற்றவர்கள் வாழ்ந்த நடுத்தரக் காலம் 12.75 மாதம், இந்த ஊசி பெற்றவர்கள் 16.46 மாதம். கண் பார்வை மங்கும், கண் உலரும். ஆகவே கண் டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்து: மறுபடியும் ஆபரேஷன். இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இரண்டாம் ஆபரேஷனால் ஆயுள் கூடவில்லை. 2021-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், உடல் தெம்பாக இருந்து, வயிற்றில் நீர் அதிகம் சேராமல், முதல் ஆபரேஷனில் கட்டி முழுசாக எடுக்கப்பட்ட பெண்களாகப் பொறுக்கி எடுத்துச் செய்தபோது ஆயுள் 46 மாதத்திலிருந்து 53.7 மாதமாகக் கூடியது. ஆகவே இது சிலருக்கு மட்டும். கைதேர்ந்த நிபுணர் செய்ய வேண்டியது.

இந்த எண்களை மறைக்காமல் எழுதக் காரணம் உண்டு. பரவியபின் திரும்பிய நோயை அடியோடு அழிக்கும் மருந்து பெரும்பாலானவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைப்பது காலம். சிலருக்குச் சில மாதம், சிலருக்குப் பல ஆண்டு. அந்தக் காலத்துக்கு மகளின் கல்யாணமும் பேரன் முகமும் விலையாக இருக்கலாம். "போதும், என்னால இனி ஊசி தாங்க முடியாது" என்று ஒரு தாய் சொல்வதும் நியாயமாக இருக்கலாம். தீர்மானிக்க வேண்டியவர் அவரே.

மருந்து ஆய்வு என்பது என்ன?

மேலே சொன்ன ஒவ்வொரு மருந்தும் எப்படி வந்தது? முன்பின் தெரியாத பெண்கள் ஆய்வில் சேர்ந்ததால் வந்தது. நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நின்றுபோகும். சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. ஏன்? நம்மவர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அவர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி. இது வெறும் ஊகமா, உண்மையா? 1905-06-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி என்று பிரித்தார். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி பரவியது. புழுங்கல் அரிசிக் கூட்டத்தில், வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. 1907-இல் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் 300 ஜாவானியத் தொழிலாளர்களை வைத்து மறுபடியும் சோதித்து உறுதி செய்தார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது, இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒருவர் குணமானார் என்பதால் மட்டும் மருந்து நல்லது ஆகிவிடாது. இரண்டாவது, எழுத்து மூலம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற விதி அன்று கிடையாது. மனநோயாளியிடம் யார் கேட்டார்கள்? கூலிக்காரனிடம் யார் கேட்டார்கள்? ஆகவே "எலி" என்ற நம் பயம் காற்றில் பிறந்ததல்ல.

அண்மைக் காலத்திலும் தவறு நடந்திருக்கிறது. 1999-2000-இல் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த விஞ்ஞானியின் மருந்து, முறையான அனுமதி இல்லாமல் செலுத்தப்பட்டது. 2001-இல் விஷயம் வெளியே வந்து பெரிய கண்டனம் எழுந்தது. அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, ஆய்வு முறைப்படி நடக்கவில்லை என்று ஒத்துக்கொண்டது.

இத்தகைய கொடுமைகளிலிருந்து பிறந்தவைதான் இன்றைய விதிகள். நாஜி டாக்டர்கள் மீது நடந்த வழக்கில் 1947-இல் வந்தது நியூரம்பெர்க் நெறி. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கி பிரகடனத்தை வெளியிட்டது. நோயாளி விவரம் தெரிந்து, யாரும் நெருக்காமல், தானாகச் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. எட்டு மணி நேர வேலை போல, இதுவும் போராடிப் பெற்ற உரிமை. உரிமை இருப்பது தெரிந்தால்தான் கேட்க முடியும்.

ஆய்வில் படிகள் உண்டு. முதல் படியில் சிலரிடம், எவ்வளவு மருந்து தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் படியில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் படியில் நூற்றுக்கணக்கானவர்களை இரு குழுவாக்கி, இன்று வழக்கத்தில் உள்ள நல்ல சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். "வெறும் மாத்திரை குடுத்து ஏமாத்துவாங்களா?" என்றால், நல்ல சிகிச்சை இருக்கும்போது அதைப் பறித்துவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பது நெறிக்கு விரோதம். கீமோ முடிந்த பின், அல்லது வழக்கமான மருந்தோடு சேர்த்து, வெறும் மாத்திரை கொடுப்பதுண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

புக்கிட் மேராவில் என்ன இருக்கிறது?

ஜொகூர் தோட்டங்களில் நம் பிள்ளைகள் பலர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அம்மாவுக்கு நோய் என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது புக்கிட் மேரா வட்டாரத்தில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகம். அந்த இடத்தின் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்களின் முகாம் இருந்த இடம். 1882-இலிருந்து ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அதே வளாகத்தில் 1999-இலிருந்து தேசியப் புற்றுநோய் நிலையம் இயங்குகிறது. மருந்து ஆய்வுகளுக்கென்று தனிப் பிரிவே அங்கு உண்டு. தேக்கா பக்கம் உள்ள கே.கே. மகளிர் மருத்துவமனையிலும் பெண்கள் புற்றுநோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் புதிய மருந்து ஆய்வு நடத்த, அரசாங்கத்தின் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

ஆனால் வீட்டை அடமானம் வைக்குமுன் கேளுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு உள்ள உதவித்தொகை வெளிநாட்டவருக்குக் கிடையாது. அங்கே குடியிருப்பவர்களுக்கும், 2022 செப்டம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டுமே பணம் தருகிறது. ஆய்வில் சேர்ந்தால் ஆய்வு மருந்து பெரும்பாலும் இலவசம். ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, படுக்கைக் கட்டணம், பஸ் செலவு யார் தருவது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

மலேசியாவிலும் வழி உண்டு. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை ஆகியவை புற்றுநோய்ச் சிகிச்சை தருகின்றன. உலக அளவிலான ஆய்வுகள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடப்பவை. "இதே ஆய்வு எங்க நாட்டுலயும் நடக்குதா?" என்று கேட்டால், சில சமயம் நல்ல பதில் கிடைக்கும்.

கையெழுத்துக்கு முன் ஒன்பது கேள்வி

நம் பாட்டன் பூட்டன்மார் படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தார்கள். அதன் பலனை மூன்று தலைமுறை அனுபவித்தது. ஆய்வுக்கான சம்மதப் பத்திரமும் ஓர் ஒப்பந்தம்தான். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் போய்க் கேளுங்கள்:

1. இது எத்தனையாம் படி ஆய்வு? எனக்கு முன் எத்தனை பேர் இந்த மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள்?
2. நான் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை என்ன?
3. எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வீர்களா? இன்னொரு குழுவுக்கு என்ன மருந்து?
4. என்னென்ன தொல்லை வரும்? எது ஆபத்தானது?
5. மாதத்துக்கு எத்தனை தடவை வர வேண்டும்? வேலையும் வீடும் என்ன ஆகும்?
6. எதற்கு நான் பணம் கட்ட வேண்டும்? எழுத்தில் தருவீர்களா?
7. மருந்தால் எனக்குக் கெடுதல் நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் நஷ்ட ஈடும் யார் தருவார்கள்?
8. மருந்து பலித்தால், ஆய்வு முடிந்த பின்னும் கொடுப்பீர்களா?
9. ராத்திரி ஏதாவது ஆனால் யாருக்குப் போன் போடுவது?

இங்கிலீஷில் விளக்கினால் தலையாட்டாதீர்கள். "தமிழில் சொல்லுங்க, மொழிபெயர்க்க ஆள் வேணும்" என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தை, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது உலக விதி. வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்து, மறுபடி வந்து பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "மாட்டேன்" என்று சொன்னாலும் டாக்டர் கோபிக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

அம்மாவிடம் மறைக்காதீர்கள்

நம் குடும்பங்களில் அன்பினால் செய்யும் ஒரு தவறு உண்டு. "நோய் திரும்பிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று மகன் வாசலிலேயே டாக்டரை நிறுத்திக் கேட்கிறான். தம்பி, நினைத்துப் பார். பால் மரம் வெட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, புருஷனை இழந்தும் நிமிர்ந்து நின்றவர் அவர். அவர் தாங்காததா? உண்மை தெரியாதவரிடம் சம்மதம் வாங்க முடியாது; ஆகவே எந்த ஆய்விலும் அவரைச் சேர்க்கவும் முடியாது. சொல்லாமல் விட்டால், ஒரு கதவை நீயே அடைக்கிறாய். ஒரே நாளில் எல்லாம் கொட்ட வேண்டாம். "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க அம்மா?" என்று முதலில் கேள்.

இன்னொன்று, மகள்களுக்காக. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்குப் பிராக்கா கோளாறு இருக்கிறது. தாய்க்கு இருந்தால், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தகப்பன் வழியாகவும் வரும். தாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால், அவருக்குச் சரியான மாத்திரையும் தெரியும்; மகள் முன்கூட்டியே தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் தெரியும். "பொண்ணுக்குக் கல்யாணம் நடக்காது" என்று பயந்து இதை மறைப்பது, அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடுவது.

வலியைப் பொறுக்க வேண்டாம்

வலி நிவாரணச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமல்ல. வயிற்றில் சேரும் நீரை ஊசி வைத்து வடித்தால் மூச்சு இலகுவாகும். டாக்டர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஆளை அடிமையாக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். ராத்திரி தூங்க வைக்கும். இந்த உதவியைக் கீமோ நடக்கும்போதே கேட்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடு தேடி வந்து கவனிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகள் இருக்கின்றன.

டுரியான் பெலாண்டா இலைக் கஷாயம், நாட்டு மருந்து, பத்தியம் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இலை மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக எந்த முறையான ஆய்வும் காட்டவில்லை. கீமோ மருந்தோடு மோதிக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை நாட்டு மருந்துகளில் உண்டு. சாமியைக் கும்பிடுங்கள், நேர்த்திக்கடன் செலுத்துங்கள். ஊசி போடும் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

தோழர்களே, உங்கள் லயத்திலோ பக்கத்துத் தாமானிலோ இந்த நோய் திரும்பிய ஒரு தாய் இருந்தால், ஆறுதல் சொல்லிவிட்டு மட்டும் வராதீர்கள். கடைசி ஊசித் தேதியைக் கேளுங்கள். ஒன்பது கேள்விகளையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால், கிளைச் செயலாளரிடம் சொல்லி யாரையாவது அனுப்பி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசைக்குத் தொழிலாளியைத் தனியாக அனுப்பாத நாம், டாக்டர் மேசைக்கு மட்டும் ஒரு தாயைத் தனியாக அனுப்பலாமா?